பேர் வரும் இடம்

மல்லசமுத்திரத்தில் யார் ஜாக்கெட்டை எந்த வருஷம் எத்தனை தையல் பிரித்து விட்டார்கள் என்பது கலைமணிக்குத் தெரியும். தையல் மிஷினை முன்னறை ஜன்னலை ஒட்டிப் போட்டிருப்பது வெளிச்சத்துக்காக என்று சொல்வாள். வெளிச்சம் பின்கட்டில்தான் அதிகம். ஆனால் பின்கட்டில் உட்கார்ந்தால் எதிர்வீட்டு வசந்தாமணியின் கேட் தெரியாது.

வசந்தாமணியின் வீட்டுக்காரர் சந்திரசேகர் போர்வெல் ரிக் வண்டி வைத்திருப்பவர். வருஷத்தில் பாதி நாள் ஆந்திராவில் பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பார். அந்தக் காசில் எழும்பிய வீட்டுக்கு முன்னால் இரண்டு சிங்கங்கள் உட்கார்ந்திருக்கும். கலைமணியின் வீட்டுக்காரர் பூபதி லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். வீட்டுக்கு முன்னால் சிங்கமும் இல்லை, பூனையும் இல்லை. அதனால்தான் கலைமணி அந்தக் கேசட்டை அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கேசட் கதை தெருவுக்கே மனப்பாடம். நிச்சயம் நடந்த அன்று பூபதி தாம்பூலத் தட்டில் ஒரு கேசட்டை வைத்துக் கொடுத்தார். வாய் திறந்து நாலு வார்த்தை பேசாத மனுஷன், கலைமணியின் பேரையே போட்டு ஒரு பாட்டைப் பாடவைத்துக் கொண்டுவந்துவிட்டார். எள்ளுக்காடு பூத்திருக்கு ஏரிக்கரை மேட்டோரம், எம்மனசு காத்திருக்கு தார்ரோட்டு ஓரம், கலை…யே…மணி, எந்த பஸ்ஸுல வாரே நீ? கல்யாணத்தில் மைக்செட்டில் அதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டார்கள். இருபத்தாறு வருஷமாக அவள் சொல்கிற ஒரே விஷயம், அந்தக் ‘கலை…யே’ என்கிற இழுப்பைப் பற்றித்தான்.

“அந்த இழுப்புலதானுங்க எல்லாமே இருக்குது. சும்மா கூப்புடறவன் அப்படியா இழுப்பான்?” என்பாள்.

இப்படி இருக்கையில், சென்னையில் நாலு பையன்கள் சேர்ந்து வைத்திருக்கிற ஒரு குழு அதே பாட்டைக் கிடாரும் பானையுமாகப் பாடி ‘கவர் சாங்’ என்று வெளியிட்டுவிட்டது. ரெண்டே வாரத்தில் பாட்டு பஸ்ஸில், ஜவுளிக்கடையில், காதுகுத்தில், ரிங்டோனில் எல்லாம் வந்துவிட்டது. பேர் வரும் இடத்தில் மட்டும் பையன் பேரைச் சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு ‘ம்…ம்ம்ம்’ என்றான். அந்த ‘ம்’முக்கு ஊரெல்லாம் உருகியது. இரண்டாவது சரணம் முடிந்ததும் பானையில் ‘டொக்-டொக்-டொக்’ என்று ஒருவன் வாசித்தான். அந்த வாசிப்பில் இருக்கிற நுணுக்கத்தைப் பற்றி யாரோ ஒரு பக்கம் எழுதியிருந்தார்கள். பாட்டுக்கு அடியில் ‘பழைய நாட்டுப்புறப் பாடல், ஒரு லாரி டிரைவரிடம் கிடைத்த கேசட்டில் இருந்து’ என்று போட்டிருந்தார்கள்.

“நாட்டுப்புறமாமா? எம் பாட்டுங்க அது!” என்று கலைமணி தெருவில் இறங்கினாள். போனில் பாட்டைப் போட்டுக் காட்டினாள். “அவன் ம்முன்னு முழுங்கற எடத்துல எம் பேரு வரோணும்.”

மூணாவது வீட்டுச் செல்லியம்மாள் காது கொடுத்துக் கேட்டாள். செல்லியம்மாளுக்குக் கட்சி கிடையாது. யார் வீட்டில் அன்றைக்குக் காபி கிடைக்கிறதோ அந்தப் பக்கம்.

சிங்கத்துக்கு நடுவில் நின்று செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த வசந்தாமணி, தலையைக்கூடத் திருப்பாமல் சொன்னாள். “பேரு வரும். ஆனா உம் பேரில்ல, கலை. அது எனக்குப் போட்டது.”

“உங்குளுக்கா?”

“எங்களுக்குத்தான் மொதல்ல போட்டாங்க.”

“கேசட்டு எங்கீங்க்கா? காட்டுங்க பாக்கலாம்.”

“மழையில போயிருச்சு.”

“எந்த மழையிலீங்க? நம்மூர்ல அப்படி என்னைக்கு மழை பேஞ்சுது?” என்று கலைமணி கேட்டாள். தெரு சிரித்தது. வசந்தாமணி பைப்பைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்து தெரு இரண்டானது. வசந்தாமணியின் கல்யாணம் கலைமணியின் கல்யாணத்துக்கு அடுத்த வருஷம்தான் என்பதால் கலைமணி பக்கமே ஆள் அதிகம். ஆனாலும் அந்தக் கேசட்டைப் போட்டுக் காட்டினால்தானே வாயடைக்கும்? வீட்டில் இருந்த டேப்ரெக்கார்டர் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. சேலம் அம்மாபேட்டையில் அன்பழகன் என்று ஒருவர் பழைய கேசட்டை எல்லாம் போனில் கேட்கிற மாதிரி மாற்றித் தருகிறார் என்று கேள்விப்பட்டு, கேசட்டைப் பட்டுச்சேலைக்குள் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

அன்பழகன் பாட்டை ஓடவிட்டார். கம்ப்யூட்டர் திரையில் கம்பளிப்பூச்சி மாதிரி ஏதோ ஊர்ந்தது. இரண்டாவது சரணம் முடிந்ததும் கேசட்டில் ஒரு கோழி ‘கொக்-கொக்-கொக்’ என்றது. அன்பழகன் துள்ளி எழுந்துவிட்டார்.

“அக்கா! அந்தப் பானை வாசிப்பு இதுதானுங்களா? ரெக்கார்டிங் அப்பக் கோழி கத்தியிருக்குது. அதையும் பாட்டுன்னு நெனச்சுப் பசங்க பானையில வாசிச்சு வெச்சிருக்கானுங்க!”

கலைமணிக்குப் பெருமை தாங்கவில்லை. “அப்ப இதுதானுங்களே ஒரிஜினலு?”

அன்பழகன் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றி அவள் காதில் மாட்டினார்.

“பாட்டு பூராவும் பின்னால ஒரு ஃபேன் ஓடற சத்தம் கேக்குதுங்களா? இப்பக் கேளுங்க. ‘கலை’ங்கற எடத்துல மட்டும் ஃபேன் நின்னுருது. ‘மணி’ வந்ததும் மறுபடி ஓடுது.”

“கரண்டு போயிருக்குமோ என்னமோ.”

“அதெப்படிங்க்கா கரெக்டா உங்க பேருக்கு மட்டும் போகும்? ‘மணி’ பாட்டோட பொறந்தது. ‘கலை’ அப்புறம் வந்து உக்காந்தது. முந்தி இருந்த பேரை அழிச்சவரு கொஞ்சம் சீக்கிரமே பட்டனை எடுத்துட்டாரு. பாருங்க, ‘மணி’க்கு முன்னால ‘தா’ன்னு ஒரு வால் ஒட்டிக்கிட்டிருக்குது.”

அவர் அதை மட்டும் தனியாக வெட்டிப் போட்டுக் காட்டினார். தாமணி. தாமணி. தாமணி.

ஊரில் எத்தனையோ தாமணி இருக்கலாம். அமுதாமணி இருக்கலாம், கவிதாமணி இருக்கலாம். ஆனால் ஜன்னலுக்கு எதிரே சிங்கத்துக்கு நடுவில் நிற்கிற தாமணி ஒன்றுதான்.

சேலத்திலிருந்து திரும்புகிற பஸ்ஸில் கலைமணி தன் வீட்டுக்காரரைப் புதுசாகப் பார்க்க ஆரம்பித்தாள். ஆள் பக்கத்தில் இல்லை என்பது ஒரு பொருட்டில்லை. பொங்கலுக்கு வசந்தாமணி கார் திரும்புவதற்காகப் பூபதி ஓடிப்போய்த் தன் வண்டியைத் தள்ளி நிறுத்தினாரே, அது ஏன்? அவள் கொடுத்தனுப்பிய மொச்சைக்குழம்பை ‘நல்லாருக்குது’ என்றாரே, அது ஏன்? கலைமணி வைத்த குழம்பை என்றைக்காவது அப்படிச் சொல்லியிருக்கிறாரா? தனக்குப் பாடியது என்று இருபத்தாறு வருஷமாகத் தெருவில் முரசு கொட்டியது எதிர்வீட்டுக்காரிக்குப் பாடியதா?

ராத்திரி வரைக்கும்கூடப் பொறுக்க முடியவில்லை. மத்தியானம் சாப்பிட வந்தவரைத் தட்டுக்கு முன்னால் பிடித்தாள்.

“ஏனுங்க, அந்தக் கேசட்டு எங்க போட்டீங்க?”

“எந்தக் கேசட்டு?”

“நம்ம நிச்சயத்துக்குக் குடுத்தது.”

“ஓமலூர்ல. அப்ப அங்கதான வேலை. சபரின்னு ஒருத்தரு ரெக்கார்டிங் சென்டர் வெச்சிருந்தாரு.”

“யாரு பேருல போட்டீங்க?”

பூபதி சோற்றிலிருந்து தலையை எடுத்தார். “உம் பேருலதான். ஏம் புள்ள, ஓட்டர் லிஸ்ட்டுல உட்டுப் போச்சா?”

அதற்கு மேல் அவரிடம் எதுவும் பெயராது. மறுநாள் காலையிலேயே, ஓமலூரில் லைனிங் துணி மலிவு என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள். அப்படியே பாட்டுக்காரரையும் பார்த்து வருவதாகச் செல்லியம்மாளிடம் மட்டும் சொன்னாள். செல்லியம்மாளிடம் மட்டும் சொல்வதும் மைக்கில் சொல்வதும் ஒன்று.

ரெக்கார்டிங் சென்டர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். “சபரியண்ணனா? தர்மபுரி ரோட்டுல கோழிப்பண்ணை வெச்சிருக்காருங்க” என்று கடைக்காரப் பெண் கைகாட்டினாள். ஆட்டோவில் போய் இறங்கும்போதே ‘கொக்-கொக்-கொக்’ என்று கேட்டது. கேசட்டில் கத்திய அதே குரல். அதன் எத்தனையாவது வாரிசோ.

முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். ஒல்லியாக, நரைத்த மீசை. கலைமணி போனை எடுத்து அன்பழகன் மாற்றிக் கொடுத்த பாட்டைப் போட்டாள். சபரிநாதன் கையிலிருந்த அட்டையை மெதுவாகக் கீழே வைத்தார்.

“இது எப்படிங்க அம்மிணி உங்ககிட்ட வந்துச்சு?”

“நான்தானுங்க கலைமணி.”

“அட! பூபதியண்ணன் சம்சாரமுங்களா? வாங்க, வாங்க, உக்காருங்க.” பிளாஸ்டிக் நாற்காலியைத் தோள்துண்டால் துடைத்துப் போட்டார். “மெட்ராஸ் பசங்க பாடுனதைக் கேட்டீங்களா? எங் கோழியைப் பானையில வாசிச்சு வெச்சிருக்கானுங்க. நாட்டுப்புறமாம், பழசாம். நான் இன்னும் உசுரோடதானுங்க இருக்கேன்!”

“நீங்க எழுதுனதுங்களா?”

“எழுதறதென்னுங்க, வந்துச்சு, பாடுனேன். கடையில பாடுனா பஸ் ஹாரன் வந்து உழுவுது. அதுக்காக மிஷினை இங்க தூக்கிட்டு வந்து, எங்கப்பன் ரூம்புல வெச்சுப் பாடுனேன். ஹாரனுக்குத் தப்பிக் கோழிகிட்ட மாட்டிக்கிட்டேன்.”

கலைமணி வந்த காரியத்துக்கு வந்தாள். “இதுல ‘கலை’ங்கறதுக்கு முன்னால வேற பேரு இருந்துச்சுங்களா?”

சபரிநாதன் கோழிகளைப் பார்த்தார். “கண்டுபுடிச்சிட்டீங்களா?”

“அந்தப் பேரைப் போடச் சொன்னது எங்கூட்டுக்காரருங்களா? எதுனாலும் சொல்லிப்போடுங்க. நான் மனசத் தேத்திக்கிட்டுத்தான் வந்திருக்கேன்.” அப்படி ஒன்றும் தேற்றிக்கொள்ளவில்லை.

“ஐயோ, அவரு பாவமுங்க. அது நான் எனக்காவப் போட்டதுங்க அம்மிணி. எனக்குப் பாத்து வெச்சிருந்த புள்ள. வசந்தாமணின்னு பேரு. நிச்சயத்தன்னைக்குத் தட்டுல வெச்சுக் குடுத்தேன்.”

கலைமணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“அப்புறம் அவங்க பெரியப்பன் ஒருத்தரு, மைக்செட்டு கட்டறவனுக்குப் புள்ளயைக் குடுக்கறதான்னு கலைச்சு உட்டுட்டாரு. நிச்சயம் முறிஞ்சா வாங்குனதைத் திருப்பறது மொறைதானுங்களே? சேலை, வளையலு, மோதரம் எல்லாம் தட்டோட திரும்பி வந்துச்சு. மேல கேசட்டு இருந்துச்சு. கடையில ஒரு மூலையில போட்டு வெச்சிருந்தேன்.”

“அப்புறமுங்க?”

“உங்கூட்டுக்காரரு ஒரு நாள் ஓடியாந்தாரு. நாளைக்கு நிச்சயம், எம் புள்ள பேரைப் போட்டு ஒரு பாட்டு வேணும்னாரு. புதுசாப் பாட எனக்குத் தொண்டையே வரலீங்க. பேரென்னன்னேன். கலைமணின்னாரு. மணிதான் இருக்குதேன்னு, அந்தக் கேசட்டையே எடுத்து ‘வசந்தா’வை மட்டும் அழிச்சுட்டுக் ‘கலை’ன்னு போட்டேன். கலைங்கறது சின்னப் பேருங்களா, எடம் ரொம்பல. அதனால கொஞ்சம் இழுத்தேன்.”

இருபத்தாறு வருஷத்து இழுப்பு கோழிப்பண்ணை வாசலில் பொத்தென்று விழுந்தது.

“முழுப்பேரையும் பாடியிருக்கலாமுங்களே?”

“பாடியிருக்கலாம்.” சபரிநாதன் மறுபடி அட்டையை அடுக்க ஆரம்பித்தார். “அந்த ‘மணி’யாவது இருக்கட்டும்னு உட்டுட்டேன். அதுக்கப்புறம் ஆரு கேட்டும் பேரே போடலீங்க. எங்கிட்ட இருந்த காப்பியில பேரு வர்ற எடத்துல மட்டும் ம்முன்னு பாடி லாரிக்காரங்களுக்குக் குடுத்துட்டேன். அவங்கவங்க பேரை அவங்கவங்க மனசுக்குள்ள போட்டுக்கட்டும்.”

கிளம்பும்போது ஒரு அட்டை முட்டையைக் கையில் திணித்தார். ஆட்டோ வரைக்கும் கூடவே வந்தவர், சும்மா கேட்பது போலக் கேட்டார்.

“அந்தப் புள்ள உங்க பக்கந்தான் எங்கியோ வாக்கப்பட்டுதுன்னு கேள்வி. தெரியுங்களா?”

கலைமணியின் நாக்கு நுனியில் சிங்கம் இரண்டும் வந்து நின்றன. வீட்டு நம்பர், கேட்டின் கலர், ஜாக்கெட் அளவு, எந்த மாத்திரை சாப்பிடுகிறாள் என்பது வரைக்கும் வரிசை கட்டி நின்றது. வாழ்நாளில் யார் எதைக் கேட்டும் தெரியாது என்று சொல்லியறியாதவள்.

“தெரியாதுங்க” என்றாள். “நான் அடுத்த ஊட்டு விசயத்துக்கெல்லாம் போறதில்லீங்க.”

திரும்பும் வழியெல்லாம் அவள் கதையைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினாள். வசந்தாமணிக்கு முதலில் வேறு இடத்தில் நிச்சயமாகி முறிந்தது தெருவில் ஒருவருக்கும் தெரியாது. இதை மட்டும் எடுத்து விட்டால் சிங்கம் ரெண்டும் தலை குனிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு தடவை தேய்க்கும்போதும் அந்தக் கதையின் கடைசியில் செல்லியம்மாள் வந்து நின்றாள். ‘உனக்கெப்படி அம்மிணி தெரியும்?’ என்பாள். கேசட்டைக் காட்ட வேண்டும். காட்டினால், ‘அப்ப நீ வெச்சிருக்கறது வசந்தா வேண்டாம்னு திருப்பியனுப்புனதா?’ என்பாள். சேலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மாறும்போது கலைமணி கதையை மூட்டை கட்டிவிட்டாள். மூட்டை உள்ளேயே கிடந்து குடைந்தது.

தெருமுனையில் இறங்கியபோதே தெரிந்தது, சபை கூடிவிட்டது. அவள் முன்னறைப் படியில் செல்லியம்மாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இன்னும் நாலு பேர் சுவரோரம். எதிரே, கேட்டுக்கு உள்ளே, வசந்தாமணி. கையில் பைப் இருந்தது. தண்ணீர் செடியில் விழாமல் சிங்கத்தின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

“என்ன அம்மிணி, ஓமலூர்ல லைனிங் துணி கெடைச்சுதா?” என்றாள் செல்லியம்மாள். “பாட்டுக்காரன் என்ன சொன்னான்?”

கலைமணி எதிரே பார்த்தாள். ஓமலூர் என்ற சொல்லுக்கு வசந்தாமணியின் தோள் ஒடுங்கியது. தினமும் அளவெடுக்கிற கண்ணுக்கு அது தப்பாது. அரை இஞ்ச் ஒடுங்கியிருந்தது.

“வசந்தாக்கா சொன்னதுதான் சரிங்க” என்று கலைமணி சத்தமாகச் சொன்னாள். “மொதல்ல பாடுனது அவங்களுக்குத்தானாம். எனக்கு அதைப் பாத்துப் போட்டது.”

கலைமணி தோற்றுப்போய்ப் பார்த்து யாருக்கும் பழக்கமில்லை.

“அட கெரகமே! அப்ப உன்னுது கவர் சாங்கா?” என்றாள் செல்லியம்மாள்.

“ஆமாங்க.”

“அந்த இழுப்பு?”

“இழுப்பும்தானுங்க.”

செல்லியம்மாளுக்கு அடங்கவில்லை. “அதிருக்கட்டும், வசந்தாளுக்கு அதை ஆரு போட்டுக் குடுத்ததாம்? சந்திரசேகரா? அந்த மனுசன் ரிக்கு ஓடற சத்தத்தைத் தவிர வேறெதையும் காதுல வாங்க மாட்டானே.”

வசந்தாமணியின் கையிலிருந்த பைப் தாழ்ந்தது. கலைமணி முட்டை அட்டையைப் பத்திரமாகப் படியில் வைத்தாள்.

“ஊட்டுக்காரரு போடாம வேற ஆருங்க போடுவாங்க? கல்யாணந்தான் அடுத்த வருசம், பேசி வெச்சது முந்தியேங்க. உங்களுக்கு எப்பப் பாத்தாலும் அடுத்த ஊட்டு விசயந்தான்.”

செல்லியம்மாள் கன்னத்தில் கை வைத்தாள். இதைக் கலைமணி சொல்லக் கேட்க, அவள் இத்தனை வருஷம் உயிரோடு இருந்திருக்கிறாள்.

அன்று மாலை பூபதி வந்ததும் கலைமணி ஒன்றே ஒன்று கேட்டாள். “அந்தக் கேசட்டு புதுசில்லைன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?” பூபதி யோசித்துப் பார்த்தார். “அவசரம் புள்ள. மறுநாள் நிச்சயம். பேரு கரெக்டா வந்துச்சில்ல?” என்றார். வந்துச்சு என்றாள். அவருக்கு முட்டை பொரித்துக் கொடுத்தாள். ‘நல்லாருக்குது’ என்றார். கேட்காமலே.

மறுநாள் வசந்தாமணி ஒரு ஜாக்கெட் துணியோடு வந்தாள். அவள் படியேறுவது தீபாவளிக்கு மட்டும்தான். இப்போது தீபாவளியும் இல்லை. கதவை ஒருக்களித்தாள்.

“பழைய அளவே இருக்குதுங்க்கா.”

“பரவால்ல. எடு.”

கலைமணி குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டு டேப்பைச் சுற்றினாள். முதுகுப் பக்கம் வரும்வரை வசந்தாமணி காத்திருந்தாள்.

“நல்லாருக்காரா?”

கலைமணி குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். “கோழிப்பண்ணை வெச்சிருக்காரு. நல்லாத்தான் இருக்காரு.”

“ஏதாவது கேட்டாரா?”

“கேட்டாரு. தெரியாதுன்னுட்டேன்.”

வசந்தாமணி தலையை ஆட்டினாள். சந்தோஷமா வருத்தமா என்று முதுகில் இருந்து அளவெடுக்க முடியவில்லை. திரும்பாமலே, “அதைப் போடேன். சத்தத்தைக் கொறைச்சு வெச்சுக்க” என்றாள்.

போனில் பாட்டு ஓடியது. எள்ளுக்காடு பூத்தது, மனசு தார்ரோட்டு ஓரம் நின்றது. பேர் வரும் இடத்தில் இருவரும் எங்கோ பார்த்தார்கள்.

“இழுப்பு ரொம்பத்தான்” என்றாள் வசந்தாமணி.

“உங்க பேரு நீளமுங்க. அதுக்கு நான் என்ன பண்றது?”

வசந்தாமணி சிரித்தாள். சரணம் வந்தது, இரண்டாவது சரணமும் வந்து முடிந்தது. கொக்-கொக்-கொக்.

“கெரகம் புடிச்ச கோழி” என்றாள் வசந்தாமணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அன்னைக்கே தலப்பாடா அடிச்சுக்கிட்டேன், அதைத் தொரத்தி உட்டுட்டுப் பாடுங்கன்னு.”

கலைமணியின் கையில் டேப் அப்படியே நின்றது. நிச்சயத்துக்கு முந்தி, ஓமலூரில், கோழிப்பண்ணை ரூமில், கதவைச் சாத்திக்கொண்டு…

“நீங்க அங்க இருந்தீங்களாங்க்கா?”

வசந்தாமணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

“ஜாக்கெட்டு வெள்ளிக்கெழமை வேணும், கலை” என்றாள்.